சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று

எங்கள் சலவைக்கடையில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வைத்த பெயர். கையில் எந்நேரமும் ஊசி இருக்கும் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருக்கு எங்கேயாவது சுருக்கென்று குத்தும் என்பது இன்னொரு காரணம். முதலாளி லீவு நோட்டில்கூட அப்படித்தான் எழுதுவார்.

நான் அவளுக்கு எதிர் மேசை. இஸ்திரி போடுகிறவள். பதினாலு வருஷமாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சட்டைக் காலரைத் தேய்க்கிறேன். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, பார்க்கவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ஊசியின் வேலை மார்க் போடுவது. கடைக்கு வருகிற ஒவ்வொரு துணியிலும், உள்பக்கத் தையலில், வெளியே தெரியாதபடி வண்ண நூலில் இரண்டு மூன்று தையல் போடுவாள். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மார்க். டாக்டர் வீட்டுக்கு நீலம் மூன்று. ஹோட்டல்காரருக்குக் கறுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. பத்து வீட்டுத் துணியும் ஒரே மெஷினில் புரண்டு ஈரமாக வெளியே வரும்போது எது யாருடையது என்று சொல்வது அந்தத் தையல்தான். மார்க் இருந்தால் துணி எங்கே சுற்றினாலும் உடையவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். அவள் இடது கைக்காரி, அதனால் முடிச்சு எப்போதும் இடப்பக்கம் விழும். கழுத்தில் ஒரு நாடாவில் சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். அதைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்குப் போய், அப்படியே தூங்கி எழுந்து வருகிற ஆள். இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட மாற்றி அனுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நியாயமான திமிர்தான்.

இன்னொரு குணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊசிக்குப் பொறாமை அதிகம். சிலருக்குப் பசி வருகிற மாதிரி அவளுக்கு அது நேரம் தவறாமல் வந்துவிடும். பக்கத்துக் கடைக்காரி புதுச் செருப்பு போட்டு வந்தால் அன்று முழுக்க நூல் அறுந்துகொண்டே இருக்கும். நான் ஒருமுறை மூன்று நாள் லீவு போட்டு மகள் வீட்டுக்குப் போய்வந்ததற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே பல்லைக் காட்டத் தெரியாது. "வயிறு எரியுதுக்கா" என்று நேராகவே சொல்லிவிடுவாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

மற்றவர்கள்மேல் வந்ததெல்லாம் வெறும் தூறல். கொட்டித் தீர்த்தது ஓரகத்தி மேல்தான்.

ஊசியின் கணவருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியின் மனைவியைக் குடும்பத்தில் சின்னவள் என்பார்கள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. ஏசி அறை, சுழலுகிற நாற்காலி, நகத்தில் சாயம். ஊசியோ எட்டு மணி நேரம் ஆவியில் நின்று வெந்துவிட்டுப் போகிறவள். "அவ உக்காந்துகிட்டே சம்பாதிக்கிறாக்கா" என்பாள், அது ஏதோ சட்ட விரோதம் போல. கொழுந்தன் சின்னவளின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான். ஊசியின் கணவர் வேன் ஓட்டுகிறவர். வேனில் ஏற்றுகிற பெட்டியைத் தவிர வேறு எதையும் தூக்கிப் பழக்கமில்லாத மனிதர். போதாததற்கு மாமியார் இருப்பதும் சின்னவள் வீட்டில். அங்கே போய்விட்டு வந்தால் ஊசிக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

இத்தனைக்கும் சின்னவள் மாசமாக இருந்தபோது ஊசி செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தன் பையன் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை போட்ட துணி எல்லாவற்றையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். நாற்பத்தாறு உருப்படி. ஒவ்வொன்றிலும் அவள் வீட்டு மார்க், சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று. அவ்வளவையும் கடைக்குக் கொண்டுவந்து துவைத்தாள். நான் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்து மடித்துக் கொடுத்தேன். ஒரு நீலப் பெட்டியில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே, அவள் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையை மெல்லிய காகிதத்தில் சுற்றி வைத்தாள். பெட்டியைச் சின்னவள் கையில் கொடுத்து, வீட்டார் எல்லோர் முன்னாலும், "எல்லாம் உனக்குத்தான். என் கடை எப்பவோ மூடியாச்சு" என்றாளாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்த ஒரு பேச்சுதான் பிற்பாடு அவளைக் கட்டிப் போட்டது.

சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குடும்பக் குழுவில் தினம் ஒரு படம் வரும். ஊசி ஊசியை வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துக் குழந்தையின் முகத்தைத் தள்ளிவிட்டு, காலரைப் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

"இன்னைக்கு ரோஸ் கலர். இதுவும் நம்மளது இல்ல."

மறுநாள், "கோடு போட்டது. புதுசு. மடிப்புகூட கலையல."

ஒரு வருஷம் ஓடிவிட்டது. நாற்பத்தாறு உருப்படியில் ஒன்றுகூட அந்தக் குழந்தை உடம்பில் ஏறவில்லை. "சலவைக்கடைக்காரி வீட்டுத் துணின்னு ஒதுக்கி வச்சிட்டாக்கா" என்றாள் ஒருநாள். சலவைக்கடைக்காரி என்றால் நானும்தானே. எனக்கும் சுள்ளென்று ஏறியது. முகம் தெரியாத அந்தச் சின்னவளை நானும் அன்றிலிருந்து மனதுக்குள் வெளுத்து வாங்க ஆரம்பித்தேன்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காலையில் ஊசி என் மேசைப் பக்கம் வந்து, அடுக்கியிருந்த தலையணை உறைகளை வேண்டுமென்றே கலைத்து, திரும்ப அடுக்கி, மெல்லச் சொன்னாள். "கடை திறந்துடுச்சுக்கா."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். ஏழு வருஷம் கழித்து இரண்டாவது பிள்ளை. அவள் சிரித்தாள், அழுதாள், உடனே முகத்தைச் சுளித்தாள். ஏனென்று கேட்டால், "அந்த வெள்ளைச் சட்டை அவகிட்ட இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. பிறக்கப்போவதும் அந்த வெள்ளைச் சட்டையில்தான் வீட்டுக்கு வரவேண்டும். அவள் கணவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். "சின்னவகிட்ட கேட்டு வாங்கிக்கோ. அதுங்களுக்கு இனிமே எதுக்கு?"

"எல்லார் முன்னாடியும் உனக்குத்தான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பப் போய்க் கையேந்தி நிக்கவா?"

"உன் துணிதானே."

"கொடுத்துட்டேனே!"

உண்மையில் அவளுக்கு வேறு ஒரு பயம். கேட்டால் சின்னவள், "ஐயோ, அதையா கேக்கறீங்க, எங்க போட்டேன்னே தெரியலையே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதைக் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பதே மேல் என்று என்னிடம் சொன்னாள்.

அதனால் வேறு துணி தேட ஆரம்பித்தாள், போனில், பழைய துணி விற்கிற செயலியில். புதுத்துணியை அவள் நம்புவதில்லை. புதிது மொடமொடவென்று இருக்கும், முப்பது தடவை துவைத்த பருத்திதான் பச்சைப் பிள்ளைத் தோலுக்கு ஆகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் துணியைக் கையால் தொட்டே பழகியவளுக்கு அதைப் போன் கண்ணாடி வழியாகப் பார்த்து வாங்குவது பெரிய சோதனையாகிவிட்டது. டீ நேரம் முழுக்கப் போன் மேலேயே குனிந்திருப்பாள். எனக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று. அந்தப் போன்மேல் எனக்கே பொறாமை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒருமுறைதான் போட்டதுன்னு எழுதியிருக்கா. இங்க பாருக்கா, கழுத்து தொளதொளன்னு தொங்குது. யாரு காதுல பூ சுத்தறா?"

"இது பால் கறை. எலுமிச்சை போட்டுத் தேய்ச்சிருக்கா. வெயில்ல வச்சா திரும்ப மஞ்சளா வரும்."

விற்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் அனுப்புகிற முதல் செய்தி ஒன்றுதான். உள்பக்கத் தையலைப் படம் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் ஜோடித்துக் காட்டலாம், துணியின் வயது உள்ளே தையலில்தான் தெரியும் என்பது அவள் கட்சி. பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒருத்தி, "குழந்தைத் துணி வாங்கறீங்களா, துப்பு துலக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு இவளை பிளாக்கே செய்துவிட்டாள். படம் அனுப்பிய மீதிப் பேரிடமும் ஊசிக்குப் புகைச்சல்தான். அந்தப் படங்களின் ஓரத்தில் மெத்தை தெரியும், பெரிய ஜன்னல் தெரியும், அலமாரியில் அடுக்கிய பொம்மை தெரியும். "குழந்தைக்கே தனி ரூமுக்கா. நம்ம ரெண்டு ரூம்ல கட்டிலைச் சுத்தித்தான் நடக்கணும்" என்பாள். துணியை விட்டுவிட்டுச் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்தாம் மாதத்தில் அந்தப் படம் வந்தது.

விற்கிறவள் தன் பெயரை வெள்ளை மேகம் என்று போட்டிருந்தாள். முகத்துக்குப் பதில் ஒரு பூ. பன்னிரண்டு துணி, ஒன்றாகத்தான் தருவாளாம். முதல் படத்தில் ஒரு பச்சைச் சட்டை, நெஞ்சில் யானை வடிவில் ஒரு பை. ஊசி வழக்கம்போல உள்தையல் கேட்டாள். பதிலாக வந்த படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். போனை என் முன்னால் நீட்டினாள்.

சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று. முடிச்சு இடப்பக்கம்.

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதாக்கா?"

எனக்கும் தெரியும். அது அவள் கைதான். பதினாலு வருஷமாக அந்த முடிச்சின்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுகிறவள் நான். அதுமட்டுமல்ல, அந்த யானைப் பையும் எனக்கு ஞாபகமிருந்தது. தும்பிக்கை ஓரம் சுருங்காமல் தேய்க்கப் பெட்டியின் மூக்கால் மெல்ல அழுத்தவேண்டும். என் கைக்கே நினைவிருந்தது.

"வித்துட்டா" என்றாள் ஊசி. "போடக்கூட இல்ல. என் பிள்ளை போட்டதை எடுத்து ஊர் பேர் தெரியாதவங்களுக்கு வித்துட்டா. வெள்ளை மேகமாம், வெள்ளை மேகம்!"

நான் அப்போது நாலு வார்த்தை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "முகத்துக்குப் பதிலா பூ போடும்போதே தெரிய வேணாமா?" என்றேன். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏசி நாற்காலிக்காரிமேல் எனக்கும் ஒரு கடுப்பு இருந்தது.

பன்னிரண்டையும் வாங்கினாள். வீட்டு முகவரி கொடுத்தால் சின்னவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று கடை முகவரியை, என் பெயரில் கொடுத்தாள். நாலாம் நாள் பொட்டலம் வந்தது. என் மேசைமேல் வைத்துக் கழுத்துக் கத்தரியால் கிழித்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தோம். பன்னிரண்டிலும் அவள் மார்க். ஒவ்வொரு துணியும் அவளுக்கு ஞாபகம் வந்தது. "இதைப் போட்டுத்தான் முதல்ல குப்புற விழுந்தான். இது அவனுக்குக் கை நீளம்." பார்த்துக்கொண்டே வந்தவள் பன்னிரண்டாவதைப் புரட்டி முடித்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைச் சட்டை அதில் இல்லை.

"அதை யாருக்கு வித்தாளோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பார்க்கிற சாக்கில் சின்னவள் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. என்னையும் இழுத்துக்கொண்டாள். "நீதான்கா சாட்சி. நீதானே அத்தனையும் தேய்ச்சுக் கொடுத்தே." எனக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தாலும், அந்தக் காட்சியைப் பார்க்காமல் இருக்கவும் மனமில்லை. அவள் கணவர் அன்று வேன் ஓட்டப் போயிருந்தார். நல்லவேளை.

மூன்றாவது மாடி. படியேறும்போது ஊசி இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். "அவங்க வீட்டுப் படிக்கட்டுகூட அகலமா இருக்கு பாருக்கா" என்றாள். அந்த நேரத்திலும்.

சின்னவள்தான் கதவைத் திறந்தாள். நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் வேறு. இவள் ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், தலையை அள்ளி முடிந்துகொண்டு நின்றாள். நகச் சாயம் பாதி உரிந்திருந்தது. குழந்தை காலைக் கட்டிக்கொண்டிருந்தது. மாமியார் சோபாவில் உட்கார்ந்து கால்களை நீட்டியிருந்தார். கொழுந்தன் உள்ளே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள் சின்னவள். ஊசி உட்காரவில்லை. பொட்டலத்தை எடுத்து நடுவிலிருந்த மேசைமேல் கொட்டினாள்.

"இதெல்லாம் என்னன்னு தெரியுதா?"

சின்னவள் குனிந்து பார்த்தாள். "குழந்தைத் துணி."

"யாரு வீட்டுக் குழந்தைத் துணி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது! பூவை மாட்டிக்கிட்டு போன்ல விக்கத் தெரியும், கையும் களவுமா பிடிச்சா தெரியாது!" யானைச் சட்டையை உள்புறம் திருப்பி அவள் மூக்குக்கு நேரே காட்டினாள். "இது யாரு போட்ட மார்க்? ஆசை ஆசையா அடுக்கிக் கொடுத்தேனே, பிடிக்கலன்னா என்கிட்டயே விட்டெறிஞ்சிருக்கலாமே? இந்தாக்கா, நீ சொல்லு, இது நீ தேய்ச்ச துணிதானே?"

"நான் தேய்ச்சதுதான்" என்றேன். பொய் இல்லை.

மாமியார் கால்களை மடக்கிக்கொண்டு, "என்ன பெரியவளே இது, வந்ததும் வராததுமா" என்றார். கொழுந்தன் கையில் ஈரத் துண்டோடு வாசற்படியில் வந்து நின்றான். சின்னவள் யாரையும் பார்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று திரும்பி உள்ளே போனாள். ஊசி என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா, ஓடிவிட்டாள் என்றிருந்தது.

உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. சின்னவள் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். மேலே தூசி படிந்திருந்தது. மூடியைத் திறந்தாள்.

 மேலே மெல்லிய காகிதம், அதற்குள் வெள்ளைச் சட்டை. அதன்கீழே வரிசை வரிசையாக நான் மடித்த மடிப்பு. கைகளைப் பின்னால் கட்டி, காலரை மேலே நிறுத்தி மடிப்பது என் பழக்கம். இன்னொருவர் பிரித்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். மேல் வரிசையில் ஒன்றே ஒன்றுதான் கலைந்திருந்தது. மற்றதை யாரும் தொடக்கூட இல்லை.

"நாப்பத்தாறு இருக்கு. எண்ணிக்கோங்க" என்றாள் சின்னவள்.

ஊசி பெட்டியைப் பார்த்தாள், மேசைமேல் கிடந்த பன்னிரண்டைப் பார்த்தாள். இரண்டிலும் சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று. இரண்டிலும் இடப்பக்க முடிச்சு. அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்குத்தான் மெல்ல உறைத்தது.

"ஊசி, இந்த மார்க்கை நீ உன் வீட்டுக்கு எடுத்துக்கறதுக்கு முன்னாடி அது யாருக்கு இருந்துச்சு?"

அவள் யானைச் சட்டையின் முடிச்சை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

எங்கள் கடையில் ஒரு பாட்டு டீச்சர் வாடிக்கை வைத்திருந்தார். அவருக்குப் பேரக்குழந்தை பிறந்த வருஷம் குழந்தைத் துணி மூட்டை மூட்டையாக வரும். ஊசி மார்க் போடுவாள், நான் தேய்ப்பேன். பிறகு அவர்கள் வீடு மாற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். ஒருவர் போய்விட்டால் அவர் மார்க்கை மார்க் நோட்டில் அடித்துவிடுவோம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஊசி அப்போது முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். கை பழகின மார்க் என்று அதையே தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். அந்த யானைச் சட்டையை நான் தேய்த்தது நிஜம், அவள் மார்க் போட்டது நிஜம். ஆனால் அது அவள் பையன் போட்ட சட்டை இல்லை. எங்கள் தொழிலில் கையில் பட்ட துணியெல்லாம் நம் துணி மாதிரியேதான் ஞாபகத்தில் நிற்கும்.

"பாட்டு டீச்சர்" என்றாள் ஊசி, கேட்டும் கேட்காத குரலில்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே அடங்கிப் போயிருப்பாள். ஊசிக்கு அடங்கத் தெரியாது. "சரி, நீ விக்கல. நான் சொன்னது தப்பு" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "ஆனா ஒருநாள்கூட உன் பொண்ணுக்குப் போடலையே! பதினஞ்சு மாசம் பரண்மேல தூக்கிப் போட்டு வச்சிருக்கே. என் பிள்ளை போட்ட துணி உனக்கு அவ்வளவு மட்டமா?" என்றாள்.  அவள் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"மட்டம்னு நினைக்கலக்கா. பொறாமை" என்றாள் சின்னவள்.

ஊசிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அந்தச் சொல் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தவள் அவள்.

"பிறந்த பத்தாம் நாள் ஒண்ணை எடுத்துப் போட்டேன். அத்தை தூக்கி வச்சுக்கிட்டு, இதைப் போட்டா அவன் ராஜாவாட்டம் இருப்பான், அவனுக்கு அப்பவே தலை நின்னுடுச்சு, அவனுக்கு அப்பவே எவ்வளவு முடின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. மடியில இருக்கறது என் பொண்ணு. பேச்சு முழுக்க உங்க பையன். எதைப் போட்டாலும் அதை அவன் முதல்ல போட்டுக் கிழிச்சிருப்பான், அதுல அவன் முதல்ல நடந்திருப்பான். நான் கழட்டி உள்ள வச்சிட்டேன்."

"அடியே, நான் என்ன தப்பாவா சொன்னேன்?" என்றார் மாமியார்.

"தப்பா சொல்லல அத்தை. ஆனா அவளைப் பத்தி ஒண்ணும் சொல்லல." சின்னவள் பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்து உள்புறம் திருப்பினாள்.  "அப்புறம் இது. இது என்னன்னு உங்க கொழுந்தன்கிட்ட கேட்டேன். அண்ணி கடையில போடற அடையாளம், இது இருந்தா துணி அவங்க வீட்டுக்கே திரும்பி வந்துடும்னு சொன்னாரு. எனக்குத்தான்னு சொல்லிக் கொடுத்தீங்க. நாப்பத்தாறுலயும் உங்க பேரை எழுதிக் கொடுத்தீங்க. இது எனக்குக் கொடுத்ததாக்கா? இல்ல, என் பொண்ணு கொஞ்ச நாள் போட்டுட்டுத் திருப்பித் தரணுமா? அழுக்குப் பண்ணினா நீங்க கேப்பீங்களோன்னு பயந்துகிட்டே ஒரு குழந்தைக்கு எப்படித் துணி போடறது?"

 குழந்தை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து யானைச் சட்டையை இழுத்துப் பார்த்தது.

 அவள் மார்க் போட்டது பழக்க தோஷம், அவ்வளவுதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொடுத்த பிறகு பதினைந்து மாதம் காலரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், கொடுத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது?

ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் அடியில் கையை விட்டு, இருப்பதிலேயே பெரிதாக ஒரு மஞ்சள் சட்டையை உருவினாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கானது. மடியில் போட்டு உள்பக்கம் திருப்பி, கழுத்தில் தொங்கிய கத்தரியை எடுத்தாள். சிவப்பு இரண்டையும் வெட்டி நகத்தால் உருவினாள். பச்சை பாதியில் அறுந்து உள்ளே நின்றுவிட்டது. அதைப் பல்லால் கடித்து இழுத்து எடுத்தாள். துணியில் மூன்று சின்ன ஓட்டை தெரிந்தது.

"துவைச்சா மூடிக்கும்" என்றாள். சட்டையைச் சின்னவளிடம் நீட்டினாள். "இப்ப இது உன்னுது. போடறதும் போடாததும் உன் இஷ்டம். கிழிச்சாலும் கேக்க மாட்டேன்."

 சின்னவள் வாங்கி, குழந்தையை மேசையோரம் உட்கார வைத்துத் தலைவழியே மாட்டினாள். குழந்தை கைகளை விட்டுக்கொண்டு சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. மஞ்சள் பளிச்சென்று எடுத்தது.

மாமியார் உடனே முகம் மலர்ந்து, "இதே சட்டைல அவன்..." என்று ஆரம்பித்தார்.

"அத்தை!" என்றாள் ஊசி. அந்தக் குரல் கடையில் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல். "அவளைப் பாருங்க. இது அவ சட்டை."

மாமியார் அப்படியே நிறுத்திக்கொண்டார். சின்னவள் காகிதத்தோடு வெள்ளைச் சட்டையை எடுத்து ஊசியின் மடியில் வைத்தாள். "இதைக் கேட்டு வருவீங்கன்னு விஷயம் தெரிஞ்ச நாள்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நானா கொண்டுவந்து தந்தா, துணியைத் திருப்பி அனுப்பிட்டேன்னு நினைப்பீங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

"நினைச்சிருப்பேன்தான்" என்றாள் ஊசி.

இருவரும் கட்டிக்கொண்டு அழவெல்லாம் இல்லை. சின்னவள் டீ போட்டாள், நாங்கள் குடித்தோம். சர்க்கரை அதிகம். ஊசி அதைக் குறை சொல்லாமல் குடித்தது எனக்கே ஆச்சரியம். கிளம்பும்போது, மீதியெல்லாம் பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஆகும் என்று சின்னவள் சொல்ல, நீலப் பெட்டியைக் கொழுந்தன் தூக்க வந்தான், ஊசி வேண்டாம் என்றுவிட்டு என்னைத் தூக்கச் சொன்னாள். எல்லாம் என் தலையெழுத்து.

தெருமுனையில் அவள் போன் ஒலித்தது. காலையில் போகிற வழியில் வெள்ளை மேகத்தைத் திட்டி ஒரு செய்தி அனுப்பியிருந்தாளாம். அந்த வீட்டுப் படியிறங்கும்போது, பாட்டு டீச்சர் வீடா என்று இன்னொன்று கேட்டிருந்தாள். பதில் வந்திருந்தது. ஆமாம், பாட்டு டீச்சர் எங்கள் அம்மாதான், அந்த நூல் எதற்கு என்று தெரியாமலே அப்படியே விட்டுவிட்டோம், எதற்காக என்னைத் திட்டினீர்கள் என்று இதுவரை புரியவில்லை. ஊசி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்திப் போனைப் பைக்குள் போட்டாள்.

வெள்ளைச் சட்டையை அவள் பெட்டிக்குள் வைக்கவில்லை. காகிதத்தோடு கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

"அக்கா, அந்த மஞ்சச் சட்டை."

"என்ன அதுக்கு?"

"என் பையனைவிட அவளுக்குத்தான் எடுப்பா இருந்துச்சு. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"வயிறு எரியுதுக்கா" என்றாள், அந்த வயிற்றின் மேலேயே வெள்ளைச் சட்டையை வைத்து அணைத்துக்கொண்டு.